வெட்டலாமா என்று கேட்டான்

எல்லையில் சண்டை மூண்ட அந்த நாட்களில் நான் எந்த இடத்திலும் நிலையாக உட்காரவில்லை. கொல்லிமலையில் செல்போன் சிக்னல் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். திருப்புலி நாடு என்ற மலை ஊரில் நான் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையத்துக்குள் அது வருவதே இல்லை. குடியிருக்கும் வீட்டில் ஜன்னல் கம்பியோடு போனை ஒட்டி வைத்தால் ஒரு கோடு தெரியும், பேச ஆரம்பித்ததும் அறுந்துவிடும். மரவள்ளிக் காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால்தான் எதிர்முனையில் பேசுவது முழுசாகக் காதில் விழும். நான் கிராம செவிலி. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வேலை. அந்த நாட்களில் எந்த ஊருக்குப் போனாலும், கர்ப்பிணிகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னால் இங்கே சிக்னல் எங்கே வரும் என்றுதான் கேட்டேன்.

என் மகன் ராணுவத்தில் சிப்பாய். எங்களுக்கு ஒரே பிள்ளை. வடக்கே எல்லையோரம் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும், எந்த இடம் என்று தெரியாது. கேட்டால் சொல்லக்கூடாது என்பான். அவன் பட்டாளத்தில் சேர்ந்தபோது துறையூரில் எங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். நம் முஸ்லிம் பிள்ளைகளை அங்கே மதிப்பார்களா என்றார் ஒருவர். வேறு வேலையா கிடைக்கவில்லை என்றார் இன்னொருவர். உங்கள் பையன் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறானே, அதைவிட இது மேல் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் அத்தா, என் கணவர், துறையூரில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். சண்டை தொடங்கியதிலிருந்து அவர் கடையில் டிவியை அணைக்கவே இல்லை. கோட்டு போட்ட ஆட்கள் ஏசி அறையில் உட்கார்ந்து மேஜையைத் தட்டி, இன்னும் அடி, இன்னும் அடி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை யாரும் அங்கே இல்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. வானம் தெளிந்திருந்தால் மலையின் கிழக்கு விளிம்பிலிருந்து சாயங்காலத்தில் துறையூர்ப் பக்கத்து விளக்குகள் தெரியும். ஆனால் பஸ்ஸில் அங்கே போக வேண்டுமென்றால் காரவள்ளிப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கி, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். புளியஞ்சோலைக்கு இறங்கும் காட்டுப் பாதை இருக்கிறது, என் முழங்காலுக்கு அது ஆகாது. அதனால் நான் மலையிலும் அவர் டிவிக்கு முன்னாலும் தனித்தனியாகத் தவித்துக்கொண்டிருந்தோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் ஒருவர் இருக்கிறார். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். நல்ல மனிதர், நான் மருந்து எடுக்கப் போனால் டீ வாங்கித் தராமல் அனுப்பமாட்டார். அன்று காலையும் டீ வந்தது. மகன் பேசினானா என்று அக்கறையாக விசாரித்தார். அதோடு விட்டிருக்கலாம். யாரோ போனில் அனுப்பிய வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். உங்கள் மார்க்கத்தில் சண்டை என்று வந்துவிட்டால் எதிரில் யார் இருந்தாலும் வெட்டிப் போடலாம் என்று இருக்கிறதாமே, நிஜமா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சந்தேகம் வந்தது, தெரிந்தவளிடம் கேட்டார். ஆனால் பிள்ளையை எல்லையில் விட்டுவிட்டு நிற்கிறவளிடம் கேட்கிற நேரமா அது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டம்ளரை வைத்துவிட்டு ஆரம்பித்தேன். எங்கள் மார்க்கத்தில் சண்டைக்கென்று சட்டம் இருக்கிறது என்றேன். சண்டைக்கு வந்தவனோடுதான் சண்டை, அதிலும் வரம்பு மீறக்கூடாது. பெண்களை, குழந்தைகளை, வயசானவர்களைக் கொல்லக்கூடாது. மடத்தில் கடவுளே கதியென்று உட்கார்ந்திருப்பவரை அப்படியே விட்டுவிட வேண்டும். செத்தவன் உடம்பைச் சிதைக்கக்கூடாது. பிடிபட்டவனுக்குச் சோறு போட வேண்டும். கொடுத்த வாக்கை மீறக்கூடாது. எதிரி சமாதானத்துக்கு இறங்கி வந்தால் நாமும் இறங்கி வர வேண்டும். தின்பதற்குத் தவிர ஆடு மாட்டைக்கூட அறுக்கக்கூடாது. காய்க்கிற மரத்தை வெட்டக்கூடாது. நபிகளுக்குப் பின் வந்த முதல் கலீஃபா படையை அனுப்பும்போது சொல்லி அனுப்பியது இது. மனுஷனை விடுங்கள், எதிரியின் மரத்தைத் தொடுவதற்கே எங்களுக்கு அனுமதி இல்லை, கத்தியைத் தூக்கிக்கொண்டு வீடியோவில் குதிக்கிறவன் இதையெல்லாம் படிக்காதவன் என்று முடித்தேன். மாத்திரை வாங்க நின்றவர்கள் வரிசையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் பாவம், தெரியாமல் கேட்டுவிட்டேன் சிஸ்டர் என்றார். நான் எதையோ ஜெயித்த மிதப்பில் பஸ் ஏறினேன்.

இதெல்லாம் நான் கிதாபு படித்துத் தெரிந்துகொண்டதில்லை. என் மகன் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த வயதில் மீலாது விழாவில் இதைத்தான் மேடையேறி ஒப்பித்தான். அதற்காக அடுப்படியில் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்லிப் பழகினான். ஒட்டகத்தை வீணாக அறுக்காதீர்கள் என்ற இடம் வந்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். துறையூரில் ஒட்டகத்துக்கு எங்கே போவது, மாடு என்று மாற்றிக்கொள்ளலாமா என்பான். மேடையில் சிரிக்காமல் சொல்லி முடித்தான். அவன் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் பாறையில் நிற்கும்போது போன் அடித்தது. புது நம்பர், அவன்தான். நல்லாருக்கேன், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்று எப்போதும்போலத் தொடங்கினான். பின்னால் யார் யாரோ ஹிந்தியில் பேசினார்கள். பிறகு குரலை இறக்கினான். அவர்கள் இருக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு தோட்டம் இருக்கிறதாம். அக்ரூட்டும் ஆப்பிளும், எல்லாம் காய்க்கிற மரங்கள். தோட்டத்துக்காரர்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள்தான். குண்டு விழுகிறது என்று அவர்களை வீட்டோடு காலி பண்ணிக் கீழே அனுப்பிவிட்டார்கள். மரங்கள் அடர்ந்திருப்பதால் அதற்கு அப்பால் நடப்பது தெரியவில்லை. யாராவது ஊர்ந்து வந்தால் பக்கத்தில் வரும்வரைக்கும் பார்க்க முடியாது. அதனால் தோட்டத்தை வெட்டிச் சாய்க்கச் சொல்லி உத்தரவு.

"எல்லாம் பிஞ்சு விட்டிருக்கும்மா," என்றான். "வெட்டலாமா?"

காலையில் பேசியதில் ஒன்றையும் நான் அவனிடம் சொல்லவில்லை. உத்தரவை மீறினால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அதை நான் கேட்கவில்லை என்றான். அப்படியென்றால் ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவனுக்கு ஓதிக்கொடுத்தவர், இன்னும் எங்கள் பள்ளிவாசலில்தான் இருக்கிறார். சரி, கேட்டுச் சொல்லு என்று வைத்துவிட்டான்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்குக் கலீஃபாவும் நினைவுக்கு வரவில்லை, கட்டளையும் நினைவுக்கு வரவில்லை. வெட்டு என்றுதான் மனசு கத்தியது. ஒன்று விடாமல் வெட்டு, பிஞ்சாவது பூவாவது, வேரோடு தோண்டிப் போடு, உனக்கு முன்னால் ஒரு புல் நிற்கக்கூடாது. பின்னே ஏன் அதை அப்போதே சொல்லவில்லை என்றால், சொல்ல வெட்கமாக இருந்தது. மார்க்கம் தெரிந்த ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும் பாதையில் இரண்டு பக்கமும் பலா மரங்கள். அடியிலிருந்து உச்சிவரை காய், தண்டைச் சுற்றி மிளகுக் கொடி. எத்தனையோ வருஷமாக அந்த வழியாகப் போய் வருகிறேன். அன்றைக்கு ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் ஒருத்தன் துப்பாக்கியோடு குந்தியிருப்பதாகத் தோன்றியது. வேகமாக நடந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம். சுடிதார் துப்பட்டா மிளகுக் கொடியில் மாட்டி இழுத்தபோது நிஜமாகவே கத்திவிட்டேன்.

காலையில் எழுந்ததும் ஹஜ்ரத்துக்குப் போன் போட மறுபடியும் பாறைக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரம்மா வாசலில் ஆடு அவிழ்த்துக்கொண்டிருந்தார். மலைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும், எனக்கு வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை. என்ன, ஏது என்று துருவினார். சொன்னேன். எந்த மரம், எத்தனை வருஷ மரம் என்று கேட்டார். அக்ரூட், ஆப்பிள் என்றேன், எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் காய்ப்பில் இருக்கும் பலாவை வெட்ட வேண்டி வந்தால், முதல் நாளே கோடாலியைக் கொண்டுபோய் மரத்தின் அடியில் சாய்த்து வைத்துவிடுவார்களாம். இன்ன காரணத்துக்கு வெட்டப் போகிறோம் என்று மரத்திடம் சொல்லிவிட்டு வந்து, மறுநாள்தான் கைவைப்பார்களாம். காரணம் சொல்ல வாய் வராவிட்டால் கோடாலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவதும் உண்டாம். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா கேட்டார்:

"ஏனுங்க நர்ஸம்மா, அந்தத் தோட்டத்துக்காரங்களுக்குத் தெரியுங்களா? அவங்க திரும்பி வந்து பாக்கோணுமில்லீங்களா?"

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. என் பிள்ளை தலைக்கு மேல் குண்டு பறக்கிறது, நீங்கள் ஊர் பேர் தெரியாதவன் மரத்துக்கு அழுகிறீர்களா என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது. அவர் பதிலுக்குக் கத்தவில்லை. உங்கள் பையன் நல்லாயிருக்க வேண்டும், அதற்குத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கத்தினேனே தவிர, அவர் கேட்டது காதை விட்டுப் போகவில்லை. பை மூட்டையோடு திரும்பி வந்து, வெட்டுப்பட்ட அடிமரங்களுக்கு நடுவில் நிற்கிற ஒரு பெண்ணைப் பாறைக்கு ஏறும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

ஹஜ்ரத் உடனே பதில் சொல்லிவிடவில்லை. முதலில் அவர்தான் கேள்வி கேட்டார். மரம் யாருடையது, அதன் மறைவில் ஆள் வருவது நிஜமா அல்லது வரலாம் என்ற பயமா, முழுத் தோட்டமுமா, கொஞ்சமா என்று. நம் ஜனங்களுடைய மரம் என்பதைத் தவிர எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. பிறகு நிதானமாக விளக்கினார். காய்க்கும் மரத்தை வெட்டாதே என்ற கட்டளை இருப்பது உண்மை. நபிகள் காலத்தில் ஒரு முற்றுகையின்போது சில பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டதும் உண்மை, வெட்டியதும் விட்டதும் அல்லாஹ்வின் அனுமதியால்தான் என்று குர்ஆனிலேயே வருகிறது. அதனால் இமாம்கள் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். போருக்கு அது அவசியமென்றால் கூடும் என்பது ஒரு பக்கம், கூடவே கூடாது என்பது இன்னொரு பக்கம். கூடும் என்று சொன்னவர்களும் தேவைக்கு மேல் ஒரு மரம் சாய்ந்தால் அது பாழ்படுத்துவதுதான் என்கிறார்கள். இங்கே மரம் எதிரியுடையதுகூட இல்லை, நம் ஜனங்களுடையது, அப்படியென்றால் அவர்களுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்றார்.

"கூடும்னும் நான் சொல்ல மாட்டேம்மா, கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவன் சொல்ற விஷயமில்லை இது. எவ்வளவு தேவைன்னு அங்கே நிக்கிறவனுக்குத்தான் தெரியும். அதை அவன் அல்லாஹ்வுக்குப் பயந்து முடிவு பண்ணட்டும். நான் சொன்னதை முழுசா அவனிடம் சொல்லு."

சரி ஹஜ்ரத் என்றேன். இறங்கி வரும்போதே அவர் சொன்னதில் எனக்கு வேண்டியது மட்டும் கையில் இருந்தது. கூடும் என்று சொன்ன இமாம்களும் இருக்கிறார்கள். குர்ஆனிலேயே இருக்கிறது. மீதியை எங்கே தவறவிட்டேன் என்று கேட்டால், தவறவிடவில்லை, விட்டுவிட்டு வந்தேன். தேவை எவ்வளவு என்று அவன் அங்கே நின்று யோசித்துக்கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை. யோசிக்கிற நேரத்தில் எவனாவது ஊர்ந்து வந்துவிட்டால்? அவன் அத்தாவிடம் சொன்னபோது, மேலதிகாரி சொன்னால் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இதில் ஹஜ்ரத்துக்கு என்ன வேலை என்றார். டிவி சத்தத்தில் நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்காது.

அப்புறம் அவனிடமிருந்து போன் வரவில்லை. அன்று வந்த நம்பருக்கு நானாகக் கூப்பிட்டால் போகவில்லை. மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. தொழுகையில் நின்றால் எத்தனையாவது ரக்அத்தில் இருக்கிறேன் என்ற கணக்கு மறந்துபோனது. சோற்றில் உப்பு போட்டேனா என்று தெரியாமல் மறுபடி போட்டேன். மருந்தாளுநர் தினமும் ஆள் விட்டு விசாரித்தார். பேசினான் என்றால் ஒரு பொய், பேசவில்லை என்றால் அது உண்மையாகிவிடும் என்ற பயம், அதனால் வந்த ஆளிடம் தலையை மட்டும் ஆட்டி அனுப்பினேன்.

ஊசி போடும் நாளன்று ரேஷன் கடைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே சிக்னல் வரும் என்பதால் இடத்தையே அங்கே மாற்றிக்கொண்டேன். ஒரு குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஊசியை எடுத்தாயிற்று, தாய் குழந்தையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஊசியைப் போட்டு முடித்தது எப்படி என்று எனக்கே தெரியாது. போட்டதும் எழுந்து ராகிக் காட்டு வரப்புக்கு ஓடினேன். பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது.

"என்னம்மா, கேட்டியா?" என்றான்.

"கேட்டேன் கண்ணு. ஹஜ்ரத்கிட்டயே கேட்டுட்டேன். சண்டைக்குத் தேவைன்னா வெட்டலாமாம். குர்ஆன்லயே இருக்காம். நீ எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காதே. வெட்டிடு."

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேம்மா," என்றான். "வெட்டியாச்சு. உன்கிட்ட கேட்டேன்ல, அதுக்கு முன்னாடியே, அன்னிக்கு மத்தியானமே வெட்டியாச்சு."

"அப்புறம் எதுக்குடா என்கிட்ட கேட்டே?"

"இங்க எல்லாரும் பரவாயில்லன்னுதாம்மா சொன்னாங்க. நீ ஒருத்தியாவது கூடாதுன்னு திட்டுவேன்னு பார்த்தேன்."

ஹஜ்ரத் இன்னும் சொன்னார்டா, கேளு என்று நான் ஆரம்பித்தேன். தேவைக்கு மேல் வெட்டக்கூடாது என்றார், தோட்டத்துக்காரர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றார் என்று அவசர அவசரமாகக் கொட்டினேன். வெட்டி முடித்தவனிடம் அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவன் ம் கொட்டினான். போனுக்கு அடுத்த ஆள் நிற்கிறான் என்று சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டான். நான் திரும்பி வந்து மீதிக் குழந்தைகளுக்கு ஊசி போட்டேன்.

சண்டை நின்றது. என் பிள்ளை உயிரோடு, கை கால் பழுதில்லாமல் இருக்கிறான், அதற்கு நான் தினமும் அழுது துஆ செய்கிறேன். லீவில் வந்தான். பிரியாணி கேட்டான், போட்டேன். மலைக்கும் வந்து என்னோடு தங்கினான். பதவி உயர்வு பற்றி, வாங்கப் போகும் பைக் பற்றி, அங்கத்திய குளிர் பற்றியெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். தோட்டத்தைப் பற்றி நானே எடுத்தபோது, அதெல்லாம் முடிஞ்சதும்மா என்று பேச்சை மாற்றினான். இப்போதும் வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். எல்லாம் சொல்கிறான். எது கூடும், எது கூடாது என்று மட்டும் அவன் அதன்பிறகு என்னிடம் கேட்டதே இல்லை.